பாரசீகத்தில் கேட்டதை எடுத்துச் சொல்வது: ‘மறைமுக வினா’ வேண்டாமே

நண்பர்களே,

ஒருவர் கேட்ட கேள்வியை நாம் இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும் வாக்கியத்துக்கு ‘மறைமுக வினா’ என்று போன வாரம் இங்கே ஒரு பரிந்துரை வந்தது. எனக்கு அது ஒட்டவில்லை. மறைமுகமாகக் கேட்டான் என்றால் கடன் கேட்க வந்தவன் சுற்றி வளைத்துப் பேசினான் என்றுதான் காதில் விழுகிறது. நேர்கூற்று, அயற்கூற்று எல்லாம் பள்ளியிலேயே படித்தவை, அதனால் ‘அயற்கூற்று வினா’ போதும் என்பது என் கட்சி.

நான் எழுதுவது பாரசீக இலக்கணக் குறிப்பு. ‘கொஜா மீரவீ?’ (எங்கே போகிறாய்?) என்று அம்மா என்னைக் கேட்டதைச் சொல்ல வேண்டுமென்றால் ‘பொர்சீத் கெ கொஜா மீரவம்’. பொர்சீத் என்பது கேட்டார். ‘கெ’ நம் ‘என்று’ பார்க்கும் வேலையைப் பார்க்கிறது, ஆனால் கேள்விக்கு முன்னால் நிற்கும், பேச்சில் பல சமயம் விழுந்தும் போகும். மாறியது வினையின் விகுதி மட்டும்: ‘ஈ’ போய் ‘அம்’. கேட்டது நேற்றே ஆனாலும் போவது நிகழ்காலத்திலேயே இருக்கிறது. ஆங்கில இலக்கணப் பழக்கத்தோடு வருகிறவர்கள் இங்கேதான் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள், நமக்கு அந்தத் தொல்லையே இல்லை, ‘நான் எங்கே போகிறேன் என்று கேட்டார்’, அவ்வளவுதான்.

ஆம்-இல்லை கேள்வி என்றால் எழுத்து நடையில் ‘ஆயா’ வரும் (பாட்டி இல்லை): ‘பொர்சீத் கெ ஆயா அலீ ஆமதெ அஸ்த்’, அலி வந்திருக்கிறானா என்று கேட்டார். பேச்சில் ஆயாவைத் தேட வேண்டாம். குரலே போதும், இல்லையென்றால் கடைசியில் ‘யா ந’, நம் ‘வந்தானா இல்லையா’ மாதிரி.

---

ஐயா, ஒரு சிக்கல். ‘நெமீதூனம் கொஜாஸ்த்’, எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. இதில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லையே, கூற்றே இல்லாத இடத்தில் அயற்கூற்று எங்கிருந்து வரும்? இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்காரும் கேள்வி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். ‘உள்வினா’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் அகவினா, புறவினா படித்தவர்கள் உடனே எது, யார் என்று எடுத்துக்காட்டு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

---

சரி, அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் பொதுப்பெயர் ‘உட்பொதி வினா’. அதற்குள் ஒருவர் உண்மையில் கேட்டதை எடுத்துச் சொல்லும் வகை மட்டும் ‘அயற்கூற்று வினா’. பொதி என்றால் கழுதை நினைவுக்கு வருகிறது என்று யாராவது கிளம்புவதற்குள் குறிப்பில் ஏற்றிவிடுகிறேன்.