500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைப் பழைய 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு குளோன் செய்ய முடியுமா?

கேள்வி: மாடவீதி அழைப்பிதழ்

வணக்கம். மயிலாப்பூரில் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆடி மாதம் ஆதலால் இப்போது வேலை குறைவு. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் கடைக் கணினியின் 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கை மாற்றிவிட விரும்புகிறேன். என் தம்பியின் பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி கையில் இருக்கிறது. புதிதாக விண்டோஸ் நிறுவ எனக்கு வழியில்லை, ஏனென்றால் நான் பயன்படுத்தும் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் குறுந்தகடு தொலைந்துவிட்டது. வட்டை அப்படியே நகலெடுக்கும் (குளோன் செய்யும்) மென்பொருளான குளோன்ஸில்லாவில் முயன்றபோது, எஸ்எஸ்டி சிறியது என்று கூறி நின்றுவிட்டது. நிரம்பியிருப்பது 210 ஜிபிதான்; பிறகு ஏன் இடம் போதவில்லை என்கிறது?

பதில் 1: பரங்கிமலை ரயிலடி

குளோன்ஸில்லா கோப்புகள் இருக்கும் பகுதிகளை மட்டுமே நகலெடுக்கும் என்றாலும், பார்ட்டிஷன்களின் (வட்டின் பிரிவுகளின்) அளவை இயல்பாக அப்படியே வைத்துக்கொள்ளும். 500 ஜிபி வட்டை விண்டோஸ் சுமார் 465 என்றும் 480 ஜிபி வட்டைச் சுமார் 447 என்றும் காட்டும். ஆகவே எவ்வளவு காலியாக இருந்தாலும், 465 அளவுள்ள அமைப்பு 447க்குள் அடங்காது.

விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை 400 ஜிபி அளவுக்குச் சுருக்குங்கள். ஆனால் சுருக்குவதோடு வேலை முடிவதில்லை. பல கணினிகளில் சி டிரைவுக்குப் பின்னால், வட்டின் கடைசியில், விண்டோஸைப் பழுதுபார்க்க உதவும் சிறிய ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். சி டிரைவைச் சுருக்கினாலும் அது பழைய இடத்திலேயே, 447ஐத் தாண்டி, நின்றுகொண்டிருக்கும். அதை ஜிபார்ட்டெட் என்னும் பார்ட்டிஷன் மாற்றும் மென்பொருள் கொண்டு முன்னால் நகர்த்திய பிறகு, குளோன்ஸில்லாவின் எக்ஸ்பர்ட் முறையில், வட்டின் அளவைச் சோதிக்க வேண்டாம் என்னும் ‘ஐசிடிஎஸ்’ தெரிவையும், பார்ட்டிஷன்களை விகிதப்படி அமைக்கும் ‘கே1’ தெரிவையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2: ரிச்சி தெரு பழுதுநீக்குநர்

மேலே சொன்னது சரி. ஆனால் சகோதரி, அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பார்ட்டிஷனை நகர்த்துவதும் குளோன் செய்வதும் பழைய வட்டை மணிக்கணக்கில் உழைக்க வைக்கும் வேலைகள்; நலிந்த வட்டு அந்த நேரத்தில்தான் கைவிடும். வட்டின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5 ஆகிய இரு வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் (வட்டின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அது பூஜ்யமாக இல்லாவிட்டால், வேறு எதையும் தொடாமல், உங்கள் வடிவமைப்புகளை ஒரு வெளி வட்டில் முதலில் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டியின் மீதமுள்ள ஆயுள் விழுக்காட்டையும் அதே மென்பொருள் பெரும்பாலும் காட்டும். உங்கள் தம்பிக்கு வேண்டிய கோப்புகளை எடுத்துக்கொண்டபின், அந்த எஸ்எஸ்டி நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள செக்யூர் இரேஸ் மூலம் அதை முழுவதுமாக அழித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு வட்டுகளைப் பொருத்திவிட்டு, அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். திசை மாறி, வெற்று வட்டு வாடிக்கையாளரின் வட்டின் மேல் எழுதப்பட்டது. ஒரு குடும்பத்தின் படங்கள் போயின. இன்றும் அது உறுத்துகிறது. அன்று முதல், ஒவ்வொரு வட்டின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும், அது ‘மூலம்’ என்றோ ‘இலக்கு’ என்றோ, காகிதத்தில் எழுதி வட்டின் மேலேயே ஒட்டிவிடுகிறேன். குளோன்ஸில்லா கடைசியாக உறுதி கேட்கும்போது, ஒட்டிய காகிதத்தைப் பார்த்த பிறகே ‘ஒய்’ அழுத்துகிறேன்.

பதில் 3: பரங்கிமலை ரயிலடி

இன்னும் சில. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) இருந்தால் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். விண்டோஸ் விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு விண்டோஸை முழுமையாக மூடுங்கள். இல்லையென்றால் கோப்பமைப்பு பாதி உறங்கும் நிலையில் இருக்கும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து இயக்குங்கள். குளோன் செய்த இரு வட்டுகளுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், இரண்டும் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் வைத்துவிடும். எதிலிருந்து இயங்குகிறோம் என்பதிலும் குழப்பம் வரும். பழைய வட்டை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

மாடவீதி அழைப்பிதழ்

இருவருக்கும் நன்றி. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் பார்த்தேன்: எஸ்எஸ்டி 91 விழுக்காடு, ஆனால் ஹார்டு டிஸ்க்கின் சி5 வரியில் 8 என்று இருக்கிறது. அதனால் குளோனைத் தள்ளிவைத்துவிட்டு, வடிவமைப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கோப்புறை மட்டும் நீண்ட நேரமாக நகராமல் நிற்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றை முதலில் எடுக்கட்டுமா, ஐயா?

ரிச்சி தெரு பழுதுநீக்குநர்

ஆம், அதைத் தவிர்த்துவிடுங்கள். மற்றவை வந்து சேர்ந்ததும் கணினியை அணைத்துவிடுங்கள். நின்றுபோனதைத் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். பார்ட்டிஷனை நகர்த்தவும் வேண்டாம். முழு வட்டையும் பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருள் மூலம் 500 ஜிபிக்குக் குறையாத நல்ல வட்டு ஒன்றுக்கு எடுத்து, சுருக்குவதையும் குளோன் செய்வதையும் அந்த நகலிலிருந்து செய்யலாம்.