[கலைச்சொல்] 'டெரிவேட்டிவ் டேட்டாபேஸ்': வழித்தரவுத்தளமா, திரிதரவுத்தளமா?

இ. எழுதியது:

நண்பர்களே, வணக்கம்.

வலைச்செயலிக்குள் இணைய வரைபடத்தை உட்பொதிப்பது பற்றிய கையேட்டின் மொழிபெயர்ப்பை வரும் வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். நுட்பப் பகுதி முடிந்தது. உரிமப் பகுதியில் சிக்கி நிற்கிறேன்.

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில் கிடைக்கிறது. அந்த உரிமம் மூன்றைப் பிரித்துப் பேசுகிறது. தரவைத் திருத்தி உருவாக்கியது டெரிவேட்டிவ் டேட்டாபேஸ். தரவை மாற்றாமல் பக்கத்தில் வேறொன்றைச் சேர்த்து வைத்தது கலெக்டிவ் டேட்டாபேஸ். தரவிலிருந்து வரைந்த படம் முதலியவை புரொட்யூஸ்டு ஒர்க். முதலாவதைப் பொதுவில் பயன்படுத்தினால் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். மற்ற இரண்டுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. சொல் குழம்பினால் ஒருவர் திறக்க வேண்டியதை மூடிவைப்பார், இன்னொருவர் பயந்துபோய் வரைபடத்தையே கைவிடுவார்.

இப்போதைக்கு 'வழிவந்த தரவுத்தளம்', 'கூட்டுத் தரவுத்தளம்', 'விளைபடைப்பு' என்று போட்டிருக்கிறேன். மேம்படுத்தித் தாருங்கள்.

பு. எழுதியது:

அம்மா, 'வழிவந்த' என்று ஏன் நீட்ட வேண்டும்? தொல்காப்பிய மரபியல் இதை என்றோ தீர்த்துவிட்டது. முதனூல், வழிநூல். 'வழியெனப் படுவது அதன்வழித் தாகும்' என்பதைவிடச் சுருக்கமான வரையறையை எந்த உரிம ஆவணமும் தந்துவிட முடியாது. முதற்றளம், வழித்தளம் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. வழிநூலின் வகையாகத் தொல்காப்பியர் சொல்வது: 'தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்'. உங்கள் உரிமமும் மொழிபெயர்ப்பை வழித்தளத்துக்குள்தான் வைத்திருக்கும் என நினைக்கிறேன். பாருங்கள்.

நி. எழுதியது:

ஐயா, வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பு, தழுவல், வரிசைமாற்றம், திருத்தம் எல்லாம் அந்த வரையறைக்குள் வருகின்றன. ஆனால் அதே நூற்பாதான் இங்கே இடிக்கிறது. தொல்காப்பியர் தொகுத்தலையும் வழிநூலில் சேர்க்கிறார். தொகுத்தல் என்றதும் இன்று படிப்பவருக்குத் தோன்றுவது ஒன்றாகச் சேர்த்து வைப்பது. உரிமப்படி, வெறுமனே சேர்த்து வைத்தால் அது வழித்தளமே ஆகாது.

செயலி எழுதுபவர் கண்ணால் பார்த்தால் இப்படி இருக்கும். அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படம். அதன்மேல் என்னிடம் உள்ள நூலகங்களின் பட்டியலைத் தனி அடுக்காக, ஊசிக்குறிகளாகக் காட்டுகிறேன். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை; என் பட்டியல் என்னுடையதாகவே இருக்கிறது. மாறாக, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து நூலகங்களை இறக்கி, விடுபட்டவற்றை என் பட்டியலிலிருந்து நிரப்பி, இரண்டையும் ஒரே அட்டவணையாக்கினால் அது வழித்தளம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாடு அட்டவணையில் இருக்கிறது.

'முதற்றளம்' வேண்டாம் ஐயா. புணர்ச்சி சரிதான், ஆனால் திரையில் அதைப் பிரித்துப் படிப்பதற்குள் ஆள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

பு. எழுதியது:

> பிரித்துப் படிப்பதற்குள் ஆள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்

படிக்கப் பழக்காமல் விட்டால் எந்தச் சொல்லும் அப்படித்தான். 'கணினி'யும் 'இணையம்'மும் முதல் நாளிலேயே விளங்கினவா? புணர்ச்சியைக் கைவிட்டால் சொற்களை அடுக்கிவைக்கிறோம் என்றுதான் பொருள், சொல்லாக்கம் ஆகாது.

தொகுத்தல் பற்றி: மரபியல் சொல்வது விரிந்ததைச் சுருக்கி யாப்பதை. பக்கத்தில் வைப்பதை அன்று. ஆகவே முரணே இல்லை. பக்கத்தில் வைப்பதற்குத் 'தொகை' என்ற சொல் இருக்கிறது. எட்டுத்தொகையில் ஒவ்வொரு நூலும் தன் பெயரோடும் தன் உருவோடும் நிற்கிறது. சேர்ந்ததால் எதுவும் மாறவில்லை. கலெக்டிவ் டேட்டாபேஸ் என்பது தொகைத்தளம்.

வா. எழுதியது:

பு. ஐயாவின் எட்டுத்தொகை எடுத்துக்காட்டை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் 'தொகை' என்றதும் என் மாணவர்களுக்குப் பணம்தான் நினைவுக்கு வரும். இ. போட்ட 'கூட்டு' போதும்.

டெரிவேட்டிவ் என்றால் கணக்குப் பாடத்தில் வகைக்கெழு. இரண்டும் வேறு என்று அடிக்குறிப்பு வேண்டும். முதல் சொல்லுக்கு என் முன்மொழிவு 'திரிதரவுத்தளம்'. இயற்சொல்லுக்குத் திரிசொல் போல.

நி. எழுதியது:

பால் திரிந்தது என்கிறோம். தரவைத் திருத்திச் செம்மையாக்கியவரிடம் போய் உங்கள் தளம் திரிந்துவிட்டது என்பதா?

பு. எழுதியது:

திரிதல் கெட்ட சொல் அன்று. நன்னூல் 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்' என்று மூன்றையும் தனித்தனியே வைக்கிறது. கெடுவது வேறு, திரிவது வேறு. தரவுத்தளத்தில் நடப்பவையும் இந்த மூன்றுதாமே? ஒரு வரி புதிதாகச் சேர்கிறது: தோன்றல். இருந்த வரி மாறுகிறது: திரிதல். நீக்கப்படுகிறது: கெடுதல். இந்த மூன்றில் எது நடந்தாலும் வழித்தளம், எதுவும் நடக்காவிட்டால் தொகைத்தளம். உரிமத்தின் சாரமே இதுதான் என்றால், 'விகாரத்தளம்' என்றுகூடச் சொல்லலாம்.

இ. எழுதியது:

ஐயா, விளக்கம் மிக அழகு. கையேட்டில் சேர்க்க அனுமதி கேட்கிறேன். 'விகாரம்' மட்டும் வேண்டாம். இன்று அதற்குப் பொருள் வேறு.

அடுத்த சிக்கல். படத்தின் மூலையில் தரவு யாருடையது என்று காட்டும் அட்ரிபியூஷன் வரிக்கு 'நன்றி: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று எழுதியிருந்தேன். சரிதானே?

நி. எழுதியது:

'நன்றி' கூடவே கூடாது. நன்றி சொல்வது நம் விருப்பம்; இந்த வரி உரிமத்தின் நிபந்தனை. கைப்பேசித் திரையில் இடம் போதவில்லை என்று இந்த மூலையைத்தான் முதலில் மறைக்கிறார்கள். 'நன்றி' என்று மொழிபெயர்த்தால் மறைக்க நாமே சாக்குக் கொடுத்தவர்களாவோம். வலைப்பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் நிரல்தொகுப்பான லீஃப்லெட்டில் அடுக்கைச் சேர்க்கும்போதே இந்த வரியைக் கொடுக்க இடம் இருக்கிறது. 'மூலக்குறிப்பு' என்று போடுங்கள்.

கூடவே ஒன்று தெளிவாக வரட்டும்: தரவு திறந்தது, வழங்கி (சர்வர்) அப்படியன்று. வரைபடத்தை டைல் எனும் சிறு சதுரத் துண்டுகளாக அனுப்பும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழங்கி நன்கொடையில் ஓடுகிறது. மொத்தமாக இறக்குவது தடை, அளவு மீறினால் முன்னறிவிப்பின்றி நிறுத்துவார்கள். ஒவ்வொரு டைலும் 256 படப்புள்ளிச் சதுரம். அணுக்கநிலை (ஜூம்) 0-இல் உலகம் முழுக்க ஒரே டைல். ஒவ்வொரு நிலைக்கும் நான்கு மடங்காகி 18-இல் 6,871 கோடியைத் தாண்டும். 'எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்வோம்' என்பவருக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள். கூகுள் மேப்ஸின் விதிகள் வேறு வகை: முகவரியிலிருந்து கிடைக்கும் ஆயத்தொலைவை 30 நாளுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது, இட அடையாளக்குறியை (பிளேஸ் ஐடி) மட்டும் வைத்துக்கொள்ளலாம். அங்கே நம் வழித்தளம், கூட்டுத்தளம் பேச்சுக்கே இடமில்லை. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

வா. எழுதியது:

டைலுக்கு 'ஓடு' என்று எங்கோ பார்த்தேன். 'ஓடு ஏற்றப்படவில்லை' என்ற பிழைச்செய்தியை மாணவர் ஏவல்வினையாகப் படிக்கிறார். 'வில்லை' என்றால் இயற்பியலில் லென்ஸ். 'படக்கட்டம்' போதாதா?

பு. எழுதியது:

'படக்கட்டம்' நன்று. மூலக்குறிப்பும் ஏற்கத்தக்கது, பாயிரத்தில் 'ஆக்கியோன் பெயரே வழியே' என்று தொடங்கும் நூற்பாவில் நன்னூல், ஆக்கியவன் பெயரையும் நூல் வந்த வழியையும் முன்னே சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது. அதனால் மூலையில் மறைப்பதை மரபும் ஒப்பாது.

இ. எழுதியது:

வெள்ளி நெருங்கிவிட்டது. பெரும்பான்மையை வைத்து முடிக்கிறேன்: வழித்தரவுத்தளம், கூட்டுத்தரவுத்தளம், படக்கட்டம், மூலக்குறிப்பு. 'விளைபடைப்பு' பற்றி யாரும் பேசாததால் அப்படியே விடுகிறேன்.

நி. எழுதியது:

சம்மதம். ஆனால் ஒரு வரியை வெட்டாதீர்கள்: விளைபடைப்பைத் திறக்க வேண்டியதில்லை என்றாலும், அது வழித்தரவுத்தளத்திலிருந்து வரையப்பட்டுப் பொதுவில் காட்டப்பட்டால், பின்னால் இருக்கும் அந்தத் தளத்தைத் திறந்தே ஆக வேண்டும். படம்தானே காட்டினோம் என்று தப்பிக்க முடியாது. பலரும் வழுக்குவது இங்கேதான்.

பு. எழுதியது:

'விளைபடைப்பு'க்கு நான் பேசாதிருந்தது உடன்பாடு அன்று. வினைத்தொகையாகக் கொண்டால் விளைந்த, விளைகின்ற, விளையும் படைப்பு என்று விரியும்; தானே விளைந்தது என்ற பொருள் வந்துவிடும். இங்கே ஒருவர் வரைந்திருக்கிறார், செய்தவர் இருக்கிறார். பிறவினை வேண்டும். 'வரைபொருள்' என்றால் படம் மட்டும் அடங்கும். அச்சிட்ட வழிகாட்டியும் அறிக்கையும் வெளியே நிற்கும். 'செய்பொருள்' என் பரிந்துரை. இந்தப் பதிப்பில் இயலாவிட்டால் அடுத்த பதிப்பில் மாற்றுங்கள். முதற்றளத்தையும் நான் விட்டுவிடவில்லை.