‘ஆரஞ்சு பீல்’ என்பதற்கு ‘நிரவாமை’: கார்ப் பூச்சுச் சொற்கள் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

வீட்டிலேயே காருக்கு வண்ணம் அடிப்பவர்களுக்காக நாம் தமிழில் உருவாக்கும் கையேட்டுக்கான சொற்களில், பட்டறைகளில் ‘ஆரஞ்சு பீல்’ எனப்படும் குறைதான் நம்மை மிகவும் இழுத்தடிக்கிறது. பூச்சு வழுவழுவென்று அமையாமல், பழத்தோல் போலப் பொடிப்பொடியாக மேடுபள்ளம் காட்டும் குறை அது. இதுவரை ‘ஆரஞ்சுத் தோல்’, யாழ்ப்பாணத்து நண்பர் தந்த ‘தோடம்பழத் தோல்’ (அங்கே ஆரஞ்சுக்குத் தோடம்பழம் என்று பெயர்), ‘மெருகுக்குறை’ என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

முதல் இரண்டிலும் இடறுவது ‘தோல்’. சில ஆண்டுகளுக்கு முன் குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ‘பூச்சில் ஆரஞ்சுத் தோல் தெரிந்தால் 1500 எண் வாட்டர் பேப்பரால் தேய்க்கவும்’ என்பது அதில் ஒரு வரி. (வாட்டர் பேப்பர் என்பது நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்.) அவன் அடித்து முடித்துவிட்டுத் தொலைபேசியில், “மாமா, எங்கயுமே தோல் உரியல, அப்ப தேய்க்க வேண்டாம்தானே?” என்று கேட்டான். நேரில் போய்ப் பார்த்தால் பானெட் (என்ஜின் மூடி) முழுவதும் பொரிபொரியாக இருந்தது. பூச்சு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தோல் என்ற சொல் வந்தால், தமிழ் படிப்பவருக்கு உரிவதுதான் நினைவுக்கு வருகிறது. அதில் அவன் பிழை ஏதுமில்லை.

எங்கள் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்களே சூழ்ந்த பழைய வட ஆர்க்காட்டில், தோல் என்றால் பழத்தை யாரும் நினைப்பதில்லை. அந்தத் தோலின் மேலும் ஸ்பிரே கன்னால் லாக்கர் என்னும் மேற்பூச்சை அடிக்கிறார்கள். ஆனால் அங்கே மேற்பரப்பில் புள்ளி தெரிவது குறையாகாது. சில வகைத் தோலுக்கு அச்சு வைத்து அழுத்தி வேண்டுமென்றே புள்ளி எடுப்பார்கள். ஒரே வட்டாரத்தில் ஒருவருக்கு அழகாக இருப்பதை மற்றவருக்குப் பிழையாகக் காட்டும் சொல் எனக்கு உவப்பாக இல்லை.

‘மெருகுக்குறை’ என்பதன் குறைபாடு வேறு. மெருகு என்பது பளபளப்பு. ஆரஞ்சு பீல் உள்ள பரப்பு நன்றாகவே பளபளக்கும். அதனால்தான் புதிதாக அடிப்பவர் ஏமாந்துபோகிறார். இரவில் கார் கொட்டகையில் டியூப்லைட்டை எரியவிட்டு, பானெட்டின் ஓரத்தில் கண்ணைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அந்த விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தால் பூச்சு சமமாக அமைந்திருக்கிறது; விளிம்பு நடுங்கி, நனைந்த கயிறுபோல் நெளிந்தால் அமையவில்லை. இரண்டு இடத்திலும் பளபளப்பு ஒன்றாகவே இருக்கலாம். எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பது ஒன்று, பிம்பம் எவ்வளவு தெளிவாகத் திரும்புகிறது என்பது வேறொன்று. இவ்விரண்டையும் கலந்துவிடும் சொல்லைக் கையேட்டில் வைத்தால், படிப்பவர் ரப்பிங் காம்பவுண்டை (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) எடுத்து, மேடுபள்ளத்தையே இன்னும் பளபளப்பாக்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே தோற்றத்தை விட்டுவிட்டு, குறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஸ்பிரே கன்னிலிருந்து வண்ணம் சிறு துளிகளாகப் போய்ப் பரப்பில் விழுகிறது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தபின் பரப்பு இழுவிசை (சர்ஃபேஸ் டென்ஷன்) மேட்டை இறக்கிப் பள்ளத்தை நிரப்பப் பார்க்கிறது. வண்ணத்தின் பாகுநிலை, அதாவது ஓட விடாத கெட்டித்தன்மை, அதைத் தடுக்கிறது. வண்ணத்தை இளக்கக் கலக்கும் தின்னர் ஆவியாகிப் பூச்சு இறுகுவதற்குள் இந்த இழுபறி முடிந்தாக வேண்டும். ஈரப் படலத்தின் தடிமன் இரண்டு மடங்கானால் சமமாகும் வேகம் எட்டு மடங்காகிறது. மேடுபள்ள அலையின் அகலம் இரண்டு மடங்கானாலோ சமமாக எடுக்கும் நேரம் பதினாறு மடங்காகிறது. நுண்ணிய மேடுபள்ளங்கள் நொடிகளில் மறைந்துவிட, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள அலைகள் அப்படியே உறைந்து நின்றுவிடுவது இதனால்தான்.

மேட்டை இறக்கிப் பள்ளத்தை நிரப்பும் இந்தச் செயலுக்குத் தமிழில் நல்ல வினை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: நிரவுதல். வயலில் மண்ணை நிரவுகிறோம், மனையில் செம்மண் கொட்டி நிரவுகிறோம். எனவே பூச்சு தானாகச் சமமாவதை ‘நிரவல்’ என்றும், அவ்வாறு ஆகாமல் நின்றுவிடும் குறையை ‘நிரவாமை’ என்றும், அந்தக் குறை தெரியும் பரப்பை ‘நிரவாப் பரப்பு’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. அறியாமை, கல்லாமை என்பவற்றின் வாய்பாட்டிலேயே இது அமைவதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

வேறு இரண்டு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். கொத்தனாரின் ரசமட்டத்தை நினைத்து ‘மட்டமாதல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் ‘மட்டமான பூச்சு’ என்று எழுதினால் விலை குறைந்த பூச்சு என்றுதான் வாசகர் கொள்வார். ‘படிதல்’ பெயின்டர்களின் வாயில் இயல்பாக வருகிறது, ‘பெயின்ட் படியல’ என்பார்கள். ஆயினும் ‘படிவு’ என்ற பெயர்ச்சொல்லை நிலவியல் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘நிரவல்’ இசையிலும் உண்டு, ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றி வயிற்றைக் கலக்கும் ‘பணி நிரவல்’ என்ற ஆணையிலும் உண்டு. இருபத்தெட்டு ஆண்டு பள்ளியில் இருந்தவன் என்பதால் அந்த இரண்டாவது பொருள் எனக்கும் சற்று உறுத்தியது. துறைகள் இவ்வளவு தொலைவில் இருப்பதால் குழப்பம் நேராது என்று தோன்றுகிறது.

காட்பாடியில் எனக்குத் தெரிந்த பெயின்டர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “மண்ணு நிரவற மாதிரியா சார்?” என்று கேட்டுவிட்டு, “கரெக்டுதான். ஆனா அது தன்னால நிரவிக்கணும், நாம கை வைக்கக் கூடாது” என்றார். சொல்லை நான் கொடுத்தேன், இலக்கணத்தை அவர் கொடுத்தார். அவர் சொன்னதிலிருந்து ‘தன்நிரவல்’ என்பதையும், காய்ந்தபின் தாளால் தேய்த்துச் சரிசெய்வதற்குத் ‘தேய்த்து நிரவல்’ என்பதையும் பிரித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கக் குறைக்கும் பெயர் வேண்டும். அளவுக்கு மிஞ்சி ஈரமாக அடித்தால் செங்குத்தான கதவில் பூச்சு கோடாக இறங்கிவிடும். இதற்கு ‘வழிதல்’ போதும். நிரவாமைக்கும் வழிதலுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில்தான் கை பழக வேண்டியிருக்கிறது.

சொல் நிற்குமா என்பது வாக்கியத்தில் வைத்தால்தான் தெரியும் என்பதால், கையேட்டின் அந்தப் பத்தியைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

“வண்ணம் கெட்டியாக இருந்தாலும், காற்றழுத்தம் குறைந்தாலும் துளி பெரிதாகி நிரவாமை தோன்றும். கன்னைப் பரப்பிலிருந்து 6 முதல் 8 அங்குலத் தொலைவில், பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வோர் இழுப்பும் முந்தைய இழுப்பில் பாதியை மூடுமாறு அடிக்க வேண்டும். தொலைவு கூடினால் துளி பாதி வழியிலேயே உலர்ந்து விழும், அது நிரவாது. வேலூரின் மே மாத வெயிலில் நின்ற தகடு, காய்ந்த தோசைக்கல்லைப் போன்றது. ஊற்றிய மாவு இழுபடாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அதனால் நிழலில், விடியற்காலையில், மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து அடிப்பது நல்லது. தரையில் நீர் தெளித்து வைத்தால் புழுதியும் எழாது.”

இந்தப் பத்தியில் நிரவாமை எங்கும் இடறவில்லை. ‘தோடம்பழத் தோல்’ என்று வைத்துப் படித்தால் ‘அது நிரவாது’ என்ற குறுவாக்கியத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. வினையாகவும் பெயராகவும் நின்று வேலை செய்யும் சொல்தான் கையேட்டுக்கு வேண்டும்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சுக்குத் ‘தெளிபூச்சு’ என்பதை ஏற்கிறேன். ‘கண்ணாடிப் பூச்சு’ என்ற பெயரில் வேறொரு பொருளே கடையில் விற்கப்படுவதால் அது வேண்டாம். நீர் விட்டுத் தேய்ப்பதற்கு ‘நனைதேய்ப்பு’ பொருந்தும். உப்புத்தாள் என்பது ஊரறிந்த சொல் ஆனாலும், இங்கே வாட்டர் பேப்பர் என்றே கடையில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்துக்கான தாளைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

தேய்த்து நிரவலில் ஓர் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். உலர்ந்த தெளிபூச்சின் தடிமன் பெரும்பாலும் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். 1500, பிறகு 2000 எண் தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, மேட்டை மட்டும் சீவும் அளவுக்கே தேய்க்க வேண்டும்; மடிப்பு ஓரங்களில் கை வைக்கவே கூடாது. தெளிபூச்சு இல்லாத மெட்டாலிக் வண்ணத்தில் இந்த வேலையைச் செய்தால் உலோகத் துகள் கலைந்து திட்டுத்திட்டாகிவிடும்.

‘ஐசோசயனேட்’ என்பதைத் தமிழாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் பொருள்) கலந்து அடிக்கும் பூச்சுகளில் உள்ள இந்தப் பொருள் மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரணத் துணி முகமூடி இதைத் தடுக்காது. டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரும் கையேட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தான் படிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அதற்குரிய ரெஸ்பிரேட்டரை (மூச்சுக் கவசம்) வாங்குவார்.

‘நிரவாப் பரப்பு’ என்பதில் மட்டும் எனக்கே ஒரு சிறு ஐயம் உண்டு. செய்யுள் நடையாக ஒலிக்கிறது என்று தோன்றினால் ‘நிரவாத பரப்பு’ என்றே விரித்து எழுதலாம். என் அக்கா மகன் இரண்டாவதையே விரும்புகிறான்.

அன்புடன்,
வேலூரிலிருந்து