கடலூர்ச் சுவர்களில் எழுதிய ஆர்ட்டிஸ்ட் அண்ணன்: பழகியவர்கள் எழுதியவை

திருப்பாதிரிப்புலியூர்

ஆர்ட்டிஸ்ட் அண்ணன் போன வாரம் காலமாகிவிட்டார். கடலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அவர் முகம் தெரியாவிட்டாலும் கை தெரிந்திருக்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரைக்கும் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டீக்கடை, மர வாடி என்று அவர் பிரஷ் படாத தெரு குறைவு. எதிலும் தன் பெயரைப் போட்டுக்கொண்டதில்லை. அதனால் அவரோடு பழகியவர்கள் தங்களுக்கு நினைவிருப்பதை எழுதி வைத்தால் நல்லது. நான் ஆரம்பிக்கிறேன்.

துக்க வீட்டில் எல்லோரும் அவர் வரைந்த முகங்களைப் பற்றியே பேசினார்கள். காமராஜர், அம்பேத்கர், பாரதி எல்லாம் அச்சாக வரைவார், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை எழுத்துதான். முகத்துக்கு மாதிரிப் படம் கையில் இருக்கும். எழுத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சுவர் இவ்வளவு, வாசகம் இவ்வளவு, அதற்குள் அடக்க வேண்டும். தமிழில் அது லேசான காரியம் இல்லை. 'கி' தலைக்கு மேலே இடம் கேட்கும், 'கூ' காலுக்குக் கீழே இழுக்கும், 'கொ' என்று ஓர் எழுத்து எழுத மூன்று எழுத்தின் அகலம் போய்விடும்.

அப்பா அரிசி ஆலை வைத்திருந்தார். அதன் சுவரில் அண்ணன் எழுதும்போது பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். நீலப் பொடி தோய்த்த கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "விறைப்பா புடி தம்பி" என்பார். நடுவில் பிடித்துச் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அப்புறம் வாசகத்தில் நடு எழுத்து எது என்று பார்த்துச் சாக்பீஸால் ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரித்துக்கொண்டு போவார். முன்னாலேயே பென்சிலில் வரைந்து பார்ப்பதெல்லாம் இல்லை, நேரே பட்டை பிரஷ்தான். இடது கையில் ஒரு குச்சி, நுனியில் துணி சுற்றியிருக்கும். அதைச் சுவரில் ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொள்வார். 'ழ'வின் வாலை இழுக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். வால் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும்.

1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அவர் தொழிலுக்கு வந்த புதிது. யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய 'லை'யும் 'ணை'யும் போய்ப் புது வடிவம் வந்தது. அதற்கப்புறமும் பழைய வடிவம்தான் வேண்டும் என்று நின்ற கடைக்காரர்கள் உண்டு. எங்கள் அப்பாவும் அந்தக் கட்சி. அண்ணன் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். எங்கள் சுவரில் 'ஆலை'யின் துதிக்கை இன்னும் அழியவில்லை.

தேவனாம்பட்டினம்

சுனாமிக்கு அப்புறம்தான் அவரை எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26க்கு முன்னால் இங்கே கட்டுமரம் நிறைய. அதெல்லாம் போன பிறகு நிவாரணத்தில் ஃபைபர் படகுகள் வந்தன. கொடுத்தவர்கள் பெயரைப் படகின் இரண்டு பக்கமும் பெரிதாக எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலைக்கு வந்தவர் அண்ணன்.

எங்கள் சித்தப்பாவுக்கு அன்றைக்கு இரண்டு பிள்ளைகளும் போய்விட்டன. அவர் அண்ணனிடம் போய், "எம் புள்ளைங்க பேர எங்கியாவது ஓரமா எழுத முடியுமா?" என்று கேட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. படகுக்குள் ஏறி, குனிந்து, அணியத்துக்கு (படகின் முன்பகுதி) கீழே உள்பக்கமாக இரண்டு பெயரையும் எழுதினார். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. படகில் உட்கார்ந்து வலை இழுக்கிறவருக்கு எதிரிலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேறு சிலரும் கேட்டார்கள். எல்லோருக்கும் எழுதினார், அதற்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. உப்புத் தண்ணீரில் பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்? படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும்போது சொல்லியனுப்பினால், வந்து மறுபடி எழுதிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

செம்மண்டலம்

தானே புயலில் (2011 டிசம்பர் 30) எங்கள் கடையின் தகரப் பலகை பறந்தே போய்விட்டது. கரன்ட் கூட வராத நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெருவில் கிடந்த ஒரு பலகையை எடுத்துத் துடைத்து, 'கடை உண்டு' என்று எழுதி வாசலில் கட்டினார். அன்றைக்கு எங்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று சொல்லத் தெரியவில்லை.

முதுநகர்

நான் இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். புது வகுப்பறை கட்டி முடித்ததும் தமிழ்நாடு வரைபடம் வேண்டுமென்று அவரை அழைத்தோம். வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "முடியாது டீச்சர். பூச்சு இன்னும் காயல. இப்ப அடிச்சா உப்புப் பூத்துக் கொப்புளம் கொப்புளமா உரிஞ்சிடும். மழை முடியட்டும்" என்று கிளம்பிவிட்டார். திறப்பு விழாவுக்குள் வேண்டும் என்று நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து தை மாதம்தான் வந்தார். அன்றைக்கு எனக்குக் கோபம். இப்போது அந்தச் சுவரில் ஒரு பொருக்குக்கூட உதிரவில்லை.

அட்லஸ் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கட்டம், சுவரில் அதே கணக்கில் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக் கரையோரத்தை ஏற்றினார். கடலுக்கு நீலம் அடிக்க மட்டும் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அதனால் வங்கக் கடல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கை எட்டுகிற உயரம் வரைக்கும் திட்டுத்திட்டாக இருக்கும். அதைச் சரிசெய்யட்டுமா என்று உதவியாள் கேட்டதற்கு, "இருக்கட்டும், கடல்னா அப்படித்தான்" என்றுவிட்டார்.

2019 முடிகிற சமயம் ஒருநாள் நாங்கள் கூப்பிடாமலே டப்பாவும் பிரஷுமாக வந்து நின்றார். "டீச்சர், கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு அஞ்சு மாவட்டம் புதுசா வந்துடுச்சு. நம்ம படம் பழசாயிடுச்சே" என்றார். விழுப்புரத்தைப் பிரித்து எல்லை போட்டுப் பெயர் எழுதினார். அடுத்த வருடம் மயிலாடுதுறை பிரிந்தபோதும் வந்தார். பள்ளி பூட்டியிருந்த காலம் அது. காவலரிடம் சொல்லித் திறக்கச் செய்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரியும். 38 மாவட்டமும் சரியாக இருக்கிற சுவர் வரைபடம் வேறு எத்தனை பள்ளியில் இருக்கும்?

புதுச்சேரி, முத்தியால்பேட்டை

நான் அவரிடம் தொழில் கற்றவன். இந்த எனாமல் வாசனையோடு வளர்ந்தேன் என்றே சொல்லலாம். எல்லா வேலையும் எடுப்பார், ஒன்றைத் தவிர. சுவரோரம் சிறுநீர் கழிக்கிறார்கள், ஒரு பிள்ளையார், ஒரு மாதா, ஒரு பிறை வரைந்துவிடுங்கள் என்று கேட்டு வருவார்கள் இல்லையா, அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். "சாமிய அங்க காவலுக்கு நிறுத்தச் சொல்றாங்க. நான் நிறுத்த மாட்டேன்" என்பார். அதற்குப் பதிலாக, அந்தச் சுவரில் அடியிலிருந்து மேல் வரை செம்பருத்தியும் வாழையும் வரைந்து கொடுப்பார். கூலி பாதிதான் வாங்குவார். அது உண்மையாகவே பலன் கொடுத்த இடங்கள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன்.

ஃபிளெக்ஸ் வந்த பிறகு எங்கள் பிழைப்பு போனது எல்லோருக்கும் தெரியும். சுவரில் நாலு பேர் இரண்டு நாள் செய்கிற வேலையை மெஷின் ஒரு மணி நேரத்தில் துப்பிவிடும். என்னோடு கற்றவர்களில் பாதிப்பேர் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போய்விட்டார்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனது. உயர் நீதிமன்றம் கடுமை காட்டியதும் கொஞ்ச நாளைக்குச் சுவர் வேலை திரும்பி வந்தது. நான் சந்தோஷமாக அவருக்குப் போன் போட்டேன். "ஒரு பொண்ணு செத்துதான் நமக்கு வேல வரணுமாடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சீசனில் அவர் ஒரு சுவரும் எடுக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூர்

எல்லோருக்கும் நன்றி. படகு விஷயமும் 2019இல் நடந்த விஷயங்களும் எனக்கு இதுவரை தெரியாது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மீதி இருக்கிற சுவர்களை யாராவது வெள்ளையடிப்பதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும். எனாமல் பளபளக்கும், வெயில் ஏறிவிட்டால் போட்டோவில் எழுத்தே தெரியாது. காலையில் வெயில் ஏறுமுன் அல்லது மப்பாக இருக்கும் நாளில் எடுங்கள். சுவருக்கு நேர் எதிரே நின்று முழுச் சுவரும் ஒன்று, எழுத்துகள் கிட்டத்தில் சில. எந்தத் தெரு, யார் கடை என்பதையும் குறித்து வையுங்கள்.

முத்தியால்பேட்டை நண்பரே, எது அவர் கை, எது மற்றவர்கள் கை என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் நீங்கள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போனால் உதவியாக இருக்கும். முதுநகர் டீச்சர், பள்ளியில் அனுமதி கேட்டுச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில்தான் வழக்கமாக வெள்ளையடிப்பார்கள், அதற்குள் போய்விட வேண்டும். உயரமான ஏணி என்னிடம் இருக்கிறது.