சீனியும் வேண்டாம், இனிப்புக் குளிசையும் வேண்டாம்: வேறு என்ன போடலாம்?

கோண்டாவில் பிள்ளை:
அப்பாவுக்குச் சீனி வருத்தம் எல்லையில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். தேத்தண்ணிக்கு இனிப்புக் குளிசை வாங்கிக் கொடுத்தோம், வாயில் ஒரு கசப்பு நிற்கிறது என்று ஒரே நாளில் தள்ளி வைத்துவிட்டார். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எல்லாருக்குமாகவே சீனியைக் குறைப்போம் என்று யோசிக்கிறேன். தேன் என்கிறார்கள், பனங்கட்டி என்கிறார்கள். பனங்கட்டியைப் போட்டால் பால்தேத்தண்ணி திரைந்து போகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பனங்காணி:
அதை ஏன் தேத்தண்ணிக்குள் போடுகிறீர்கள்? கடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதானே! எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒரு கடி, ஒரு மிடறு என்றுதான் வெறும் தேத்தண்ணி குடிப்பார்கள், இனிப்பு நேரே நாக்கில் படுவதால் நகத்தளவு துண்டே ஒரு கோப்பைக்குக் காணும். பால்தான் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்துச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு கரையுங்கோ, அதிலுள்ள புளிப்புத்தான் கொதிக்கிற பாலைத் திரைய வைக்கிறது. அப்புறம், குட்டானில், அதாவது பனையோலைப் பெட்டியில், வரும் பனங்கட்டியெல்லாம் சுத்தக் கருப்பணியில் (பதநீரில்) காய்ச்சியது என்று நம்பிவிடாதீர்கள், சீனி கலந்ததும் வருகிறது.

வடமராட்சி அக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனால் பிள்ளை, பனங்கட்டி மருந்தில்லை. அதிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான், கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது என்பதற்காக இரத்தத்தில் சீனி ஏறாமல் இருக்காது. தேனும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கில் தேனும் சீனியோடுதான் சேர்கிறது: ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள், நின்றால் நல்லது என்கிறார்கள். அது பொதுவான ஆட்களுக்கு. அப்பாவுக்கு எவ்வளவு என்று கிளினிக்கிலேயே கேளுங்கோ.

நான் செய்தது, கிழமைக்குக் கிழமை அரைத் தேக்கரண்டி குறைத்தது. தேத்தண்ணி கொதிக்கும்போது ஒரு துண்டு கறுவாவும் ஒரு ஏலக்காயும் தட்டிப் போட்டால் அந்த வாசத்திலேயே இனிப்பு இருக்கிற மாதிரி நாக்கு ஏமாந்து போகும். இப்போது கலியாண வீட்டுத் தேத்தண்ணி எனக்குச் சீனிப்பாணி மாதிரி இருக்கிறது.

சமையல்கட்டு:
பிள்ளைகளுக்குப் பழம்தான். தோல் கறுத்துப் புள்ளி விழுந்த கதலி இருக்கிறதே, எல்லாரும் எறிவது, அதில்தான் மாப்பொருள் சீனியாக மாறி இனிப்பு உச்சத்தில் இருக்கும். அதை மசித்து உழுத்தம் மாவும் அரிசி மாவும் சேர்த்துத் தோசைக்கல்லில் சின்னச் சின்னதாகச் சுடுங்கோ, சீனியே தேவையில்லை. கேக்குக்கு என்றால் பேரீச்சம்பழத்தைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு அரைத்துப் போடலாம். அவித்த பயறுக்குத் தேங்காய்ப்பூவே பாதி இனிப்பு, பயறை முதலில் வறுத்துவிட்டு அவிக்க மறக்க வேண்டாம்.

கோண்டாவில் பிள்ளை:
நன்றி எல்லாருக்கும். கறுவாவை இண்டைக்கே போட்டுப் பார்க்கிறேன். கடைசிக் குழந்தைக்கு எட்டு மாதம், கூழில் ஒரு சொட்டுத் தேன் விடலாமா?

வடமராட்சி அக்கா:
வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடியும் வரைக்கும் தேனை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் பெருகி நஞ்சாக்கும். வாழைப்பழத்தை மசித்துக் கொடுங்கோ.