பொருள்: கழல மறுக்கும் போல்ட்டுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

பனிக்காட்டான் எழுதியது:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். கனடாவில், ஸ்காபரோவில் ஞாயிறுதோறும் எங்கட ஆட்களுக்குக் காரை வீட்டிலேயே பழுதுபார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். முதல் பாடம் பிறேக். கையேடு வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேணும். இங்கே குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுவார்கள். நாலு குளிர்காலம் கண்ட காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற கலிப்பரைத் தாங்கும் சட்டத்தின் இரண்டு போல்ட்டில் ஒன்றாவது கறள் பிடித்து அசையாது. பிறேக் பேட் மாற்ற அரை மணி, அந்தப் போல்ட்டோடு மல்லுக்கட்ட அரை நாள். அந்தப் போல்ட்டுக்கு ஒரு சொல் வேண்டும். அதில் பீய்ச்சினால் இடுக்குக்குள் இறங்குகிற எண்ணெய்க்கும் ஒரு சொல். "கறள் பிடித்து இறுகிக் கழற்ற முடியாமல் போன ஆணி" என்று ஆறு இடத்தில் எழுதிவிட்டேன். வாசித்தால் ஒப்பாரி மாதிரி இருக்கிறது.

புலவர் எழுதியது:

கறள் திசைச்சொல். பொதுத்தமிழில் துரு. துரு + ஆணி. தனிக்குறிலை அடுத்த உகரமாதலால் துரு முற்றியலுகரம், கெடாது, வகர உடம்படுமெய் பெறும். ஆகவே துருவாணி. வெள்ளி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிழைதிருத்தி எழுதியது:

ஐயா, புணர்ச்சி சரி. ஆனால் துருவாணி என்று படித்ததும் என் கண்முன் தேங்காய் மூடிதான் வருகிறது.

பனிக்காட்டான் எழுதியது:

> கறள் திசைச்சொல்.

எந்தத் திசையில் நின்று பார்த்து, ஐயா? யாழ்ப்பாணத்தில் துரு என்றால் விளங்கும், ஆனால் வாயில் வருவது கறள்தான். வகுப்பில் இருக்கும் இருபது பேரில் பதினாறு பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்.

புலவர் எழுதியது:

கோபம் வேண்டாம். திசைச்சொல்லும் செய்யுளுக்கு உரிய நான்கு வகைச் சொற்களில் ஒன்று என்றுதான் தொல்காப்பியர் வைத்தார். செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலம் என்றார். ஸ்காபரோ அதில் சேருமா என்பதை உரையாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கறை, கறுப்பு, கறள் மூன்றும் ஒரே வேரினவாக இருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். செம்புக்கு வருவது களிம்பு. ஆணவ மலத்தைச் செம்பில் களிம்புக்கு ஒப்பிட்ட சைவ சித்தாந்திகள் இரும்பில் துருவை ஏன் எடுக்கவில்லை? துரு வெளியிலிருந்து தின்பது, களிம்போ செம்போடு உடன் பிறந்தது என்று கண்டார்கள். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

(எழுதினார். மூன்று மடல்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்: தொகுப்பாளர்.)

உப்பளத்தான் எழுதியது:

தூத்துக்குடியில் உப்பு லாரி பார்க்கிறவன் நான். கனடாவில் வீதியில் கொட்டுகிற உப்பை இங்கே வண்டியிலேயே ஏற்றுகிறோம். பட்டறையில் சொல்வது "பிடிச்சுக்கிச்சு", இல்லாவிட்டால் "ஜாம் ஆயிட்டு". பெயர்ச்சொல் வேண்டும் என்றால் ஜாம் போல்ட். அதையே போடலாமே.

இன்னொன்று. துருவோ கறளோ, இரண்டுமே சொல்லில் வரக் கூடாது என்பது என் கட்சி. இரும்பு துருவானால் இடம் அதிகம் பிடிக்கும். அதனால்தான் போல்ட்டின் மரைக்கு, அதாவது சுற்று வரிக்கு, நடுவே நெருக்கிக்கொண்டு நகராது. அது ஒரு வகை. பல கார்களில் கலிப்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. உப்புத்தண்ணீர் நடுவில் நின்றால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். கழற்றிப் பார்த்தால் வெள்ளைவெள்ளையாய் மாவு கொட்டும், அது துரு இல்லை. போன முறை வேலை பார்த்தவர் போல்ட் முடுக்கும் காற்றுத் துப்பாக்கியில் வெறிகொண்டு முடுக்கியதால் சிக்கியது இன்னொரு வகை. காரணம் பல, நிலை ஒன்று. நிலைக்குத்தான் பெயர் வைக்க வேண்டும்.

பிழைதிருத்தி எழுதியது:

இது நல்ல பேச்சு. அப்படியானால் இறுகாணி. இறுகு + ஆணி, வினைத்தொகை. இறுகிய, இறுகுகிற, இறுகும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். திருகாணி ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது, அதன் தங்கை மாதிரி இருக்கும். விடாத ஆணி என்பதால் "விடாவாணி" என்றும் யோசித்தேன், யாரோ நடிகை பெயர் போல இருந்ததால் விட்டுவிட்டேன்.

உப்பளத்தான் எழுதியது:

திருகாணி, இறுகாணி. காரடியில் படுத்துக்கொண்டு "அந்த இறுகாணியைத் திருகு" என்று கத்தினால் மேலே நிற்கிற பையனுக்கு என்ன கேட்கும்? றகரமும் ரகரமும் பட்டறையில் ஒன்றுதான்.

புலவர் எழுதியது:

பட்டறையில் ஒன்றாக இருப்பதற்காக நாமும் ஒன்றாக்க வேண்டுமா? போகிற போக்கில் 'மரை' என்று எழுதியிருக்கிறீர்கள். மரை என்பது மான், தாமரைக்கும் பெயர். நட்டுக்குள் மறைந்திருப்பது மறை. சுழன்று செல்லும் வரி எனில் புரி. வலம்புரிச் சங்கு, முப்புரி நூல். புரியாணி என்றால் போல்ட்.

உப்பளத்தான் எழுதியது:

ஐயா, எங்களுக்கு மரைதான். அது கழன்றவர்களை எங்கள் ஊரில் என்ன சொல்வோம் என்பது உங்களுக்கே தெரியும்.

பனிக்காட்டான் எழுதியது:

இன்று புதன். எண்ணெயை யாரும் தொடவில்லை. ஊறவிட வேண்டியது என்பதால் 'ஊறெண்ணெய்' என்று போட்டு வைத்திருக்கிறேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை.

புலவர் எழுதியது:

ஊறு என்றால் துன்பமும்தான், இடையூறு என்கிறோமே. அதைவிடப் பெரிய குறை: எண்ணெய் என்பது எள் + நெய். பிறேக்கில் எள் எங்கே வந்தது? நெய்தான் பொதுச்சொல். ஊறுநெய் அல்லது ஊடுநெய்.

பிழைதிருத்தி எழுதியது:

மண்ணெண்ணெயில் எள் எங்கே இருக்கிறது, ஐயா? விளக்கெண்ணெயில்? அந்தக் கதவு எப்போதோ திறந்துவிட்டது. கையேட்டில் ஊறுநெய் என்று எழுதினால் வகுப்புக்கு யாராவது பொங்கல் கிண்டிக்கொண்டு வருவார்கள்.

உப்பளத்தான் எழுதியது:

சிரிப்பு இருக்கட்டும். இந்தச் சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. இங்கே பிரேக்குக்குள் ஊற்றுவதை எல்லாரும் "பிரேக் ஆயில்" என்கிறோம். அது எண்ணெயே இல்லை. சாதாரண காரில் வரும் டாட் 3, டாட் 4 என்ற தரங்கள் இரண்டும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் சேர்ந்த திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதில் பெட்ரோலிய எண்ணெய் கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போகும், பிரேக் சிக்கிக்கொள்ளும். நீங்கள் இரண்டு இடத்திலும் எண்ணெய் என்று எழுதினால் ஒருவன் கையில் இருக்கிற எண்ணெயை அந்தச் சின்னத் தொட்டியில் ஊற்றிவிடுவான். ஒரு முறை பார்த்திருக்கிறேன். ரப்பர் பூரி மாதிரி உப்பியிருந்தது.

ஆகவே: போல்ட்டுக்கு அடிப்பது எண்ணெய், எந்தப் பெயரானாலும் சரி. உள்ளே ஊற்றுவதைப் பிரேக் திரவம் என்றே எழுதுங்கள், ஆயில் வேண்டாம்.

அப்புறம் பாடத்திலும் இவற்றைச் சேருங்கள். முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்க்க வேண்டும். எண்ணெயை முந்தின இரவே அடித்து, போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு சொட்டுப் படக் கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. அறுகோண சாக்கெட், பன்னிரண்டு முனை இருந்தால் தலை உருண்டுவிடும். முதலில் ஒரு மயிரிழை முடுக்கிவிட்டு அப்புறம் கழற்றிப் பாருங்கள், பாதி அதிலேயே வந்துவிடும். தீ காட்டுவதானால் பக்கத்தில் ரப்பர் உறை இருக்கக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயே வேண்டாம், வருகிற புகை நஞ்சு. பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கிற நிப்பிளைக் குழந்தை மாதிரி நடத்துங்கள். நடுவே துளை உள்ளது, பலம் பிடித்தால் முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

பனிக்காட்டான் எழுதியது:

தம்பி, ஒரு சொல் கேட்டேன், ஒரு பாடம் தந்தீர்கள். முழுவதையும் சேர்த்துவிட்டேன். பிறேக் திரவம் என்று எல்லா இடத்திலும் மாற்றியாயிற்று.

பிழைதிருத்தி எழுதியது:

எண்ணிப் பார்த்தேன். இறுகாணிக்கு நான்கு பேர், அதில் இருவர் "சரி, விடுங்கள்" என்று மட்டும் எழுதியவர்கள். ஜாம் போல்ட்டுக்கு இருவர். கறளாணிக்குப் பனிக்காட்டான் ஒருவர், அவரும் பாதி மனத்தோடு. துருவாணிக்குப் புலவர் ஐயா. எண்ணெய்க்கு 'ஊடுருவெண்ணெய்' மூன்று பேர், ஊறுநெய்க்கு ஐயா. முதல் முறை வரும் இடத்தில் "இறுகாணி, அதாவது கறள் பிடித்தோ அரித்தோ கழலாமல் போன போல்ட்" என்று விளக்கிவிட்டுத் தொடருங்கள்.

உப்பளத்தான் எழுதியது:

சரி. பட்டறையில் நான் ஜாம் என்றுதான் சொல்வேன்.

பனிக்காட்டான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று அச்சாகி வந்தது, நூற்றைம்பது படி. முதல் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

புலவர் எழுதியது:

படம் கண்டேன். வடிவமைப்பு நன்று. தலைப்பில் "இருகாணியைக் கழற்றுவது எப்படி" என்று இருக்கிறது, இடையின ரகரம். இருகாணி என்றால் இரண்டு காணி நிலம். அதைக் கழற்ற எவ்வளவு நீளக் கம்பி வேண்டும் என்று உப்பளத்தாரைத்தான் கேட்க வேண்டும். துருவாணி என்று வைத்திருந்தால் இந்தப் பிழைக்கே இடமில்லை.