அதே கிரெட்டா, இங்கே 26 மடங்கு, சியோலில் 5 மடங்கு: எதை நம்புவது?

எக்செல்_பைத்தியம்:
கார் கம்பெனிகளை ஒரு ஷீட்டில் போட்டு ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். ஹூண்டாய் இந்தியா 2024 அக்டோபரில் பங்கு 1,960 ரூபாய்க்கு ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல் பங்கு விற்பனை) வந்தபோது பி/இ, அதாவது பங்கு விலை ஒரு பங்குக்கான வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்கிற கணக்கு, 26; மாருதியும் அப்போது ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் கொரியாவில் தாய்க் கம்பெனி 5 மடங்கைச் சுற்றியே கிடந்தது, ஜிஎம், ஃபோக்ஸ்வேகன் எல்லாம் ஒற்றை இலக்கம். ஸ்ரீபெரும்புதூரில் கிரெட்டா கார் செய்து விற்று வருகிற ஒரு ரூபாய் லாபத்துக்கு இங்கே 26 ரூபாய் விலை, அது சியோல் கணக்கில் ஏறியதும் 5 ரூபாயா? அப்போ தாய்ப் பங்கு சும்மா கிடைக்கிற மாதிரிதானே?

பழைய_டீமேட்:
இல்லை தம்பி. கார் தொழிலில் பி/இ குறைவாகத் தெரிகிற வருஷம் பெரும்பாலும் லாபம் உச்சியில் இருக்கிற வருஷம். விற்பனை கொஞ்சம் சரிந்தாலும் ஃபேக்டரிச் செலவு குறையாது, லாபம் மட்டும் காணாமல் போகும். ஜிஎம் 2009 ஜூனில் திவால் மனு போட்டது ஞாபகம் இருக்கட்டும். ஏழெட்டு வருஷ சராசரி லாபத்தை எடுத்து அதால் விலையை வகுத்துப் பாருங்கள், அந்த 5 எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். தவிர கொரியாவில் பெரிய குடும்பக் குழுமங்களின் பங்குகளுக்கே விலை குறைத்துத்தான் போடுவார்கள், அது பல வருஷக் கதை.

கூட்டிக்கழி:
26-லேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 81.25 கோடி பங்கு, 1,960 ரூபாய், ஆக 1.59 லட்சம் கோடி. 2023-24 லாபம் 6,060 கோடி, வகுத்தால் 26. சரி. ஆனால் ஐபிஓவுக்கு முன்னாலேயே 10,782 கோடி ரூபாயை சிறப்பு டிவிடெண்டாகத் தாய்க் கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் பேங்கில் இருந்தபோது வந்த வட்டியும் இந்த 6,060-க்குள் இருக்கிறது, ஆனால் ஐபிஓவில் வாங்கினவனுக்கு அந்தப் பணம் கிடையாது! நிகர மதிப்பு 10,666 கோடிக்கு இறங்கியதால்தான் ஆர்ஓஇ (நிகர மதிப்பில் லாபம் எத்தனை சதவீதம்) 57 சதவீதம் என்று பளபளத்தது. டிவிடெண்டைத் திரும்பச் சேர்த்துப் போட்டால் 28 சதவீதம்தான் வருகிறது. ஐபிஓ பணம் முழுக்கவும் தாய்க் கம்பெனிக்கே போனது, இங்கே ஒரு பைசா வரவில்லை. தன் பங்கு 5-க்குப் போகும்போது பிள்ளையை 26-க்கு விற்றார்கள், கெட்டிக்காரர்கள்.

எக்செல்_பைத்தியம்:
அடப்பாவிகளா. சரி, பி/இ வேண்டாம், ஈவி/எபிட்டா (பங்கு மதிப்போடு கடனைக் கூட்டி, ரொக்கத்தைக் கழித்து வருகிற ஈவியை, வட்டி, வரி, தேய்மானம் கழிக்காத லாபத்தால் வகுப்பது) போட்டால்?

ராத்திரி_ஷிஃப்ட்:
அதில் வேறு குழி இருக்கிறது. ஃபோர்டு, ஜிஎம் இரண்டுக்கும் சொந்தக் கடன் கம்பெனி உண்டு, வண்டிக் கடன் கொடுக்க வாங்கிய பணமெல்லாம் கடனாக ஏறி ஈவியை ஊதிவிடும், அதைக் கழித்துவிட்டுப் போடுங்கள். பி/இ-யிலும் இன்னொரு குழி: டெஸ்லாவின் 2023 லாபம் சுமார் 15 பில்லியன் டாலர், அதில் 5.9 பில்லியன் ஒருமுறை மட்டும் கணக்கில் ஏறிய வரிப் பலன். அதை எடுத்துவிட்டால், ஏற்கெனவே எகிறிக் கிடக்கிற அவர்கள் பி/இ இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். ஷீட்டில் அப்படியே விட்டிருக்கிறீர்களா?

எக்செல்_பைத்தியம்:
அப்படியேதான் விட்டிருக்கிறேன் 😅 ராயல்டி (பெயரையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்தக் கொடுக்கிற கட்டணம்) தாய்க் கம்பெனிக்கு எவ்வளவு போகிறது என்று எங்கே பார்ப்பது?

கூட்டிக்கழி:
ஆண்டறிக்கையில் ரிலேட்டட் பார்ட்டி (தாய்க் கம்பெனி மாதிரி தொடர்புள்ளவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல்) குறிப்பு. ஹூண்டாய்க்கு ஐபிஓவுக்குச் சில மாதம் முன்னால்தான் விற்பனையில் 3.5 சதவீதம் என்று மாற்றினார்கள், மாருதி தன் தாய்க் கம்பெனி சுசுகிக்குக் கொடுப்பதையும் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.